பர்மிஷன் கேட்காத பதினெட்டு நாள்

சார், நீங்க எழுதிக் குடுக்கற ரிப்போர்ட்டை வச்சுத்தான் நாச்சிமுத்து அண்ணனுக்குத் திரும்ப வேலையா, இல்லை போலீஸ் ஸ்டேஷனான்னு முதலாளி முடிவு பண்ணப் போறாராமே, நெசங்களா?

நெசந்தான்னா, இந்தக் கம்ப்யூட்டரைக் கழட்டறதுக்கு முன்னாடி நான் சொல்றதைச் சித்தக் காது குடுத்துக் கேளுங்க. டீக்குச் சொல்லியிருக்கேன். அந்தச் சேர்ல உக்காராதீங்க சார், ஒரு கால் ஆட்டம். போன வாரம் மருந்துக் கம்பெனிக்காரர் உக்காந்து நேரா தரைக்கே போயிட்டாரு. இதுல உக்காருங்க, இது என் சேர்.

என் பேரு கோகிலவாணி. அஞ்சு வருசமா இந்தக் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில நாந்தான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டு வரைக்கும் படிச்சேன், அப்புறம் பல்லடத்துல ஆறு மாசம் கம்ப்யூட்டர் கிளாஸ். வீட்டுக்காரரும் இங்கதான், குஞ்சு வண்டி ஓட்டறாரு. யாழினின்னு ஒரு பொண்ணு, மூணரை வயசு. கேட்டுக்கு வெளிய லைன் வீடு தெரியுது பாருங்க, அதுல மூணாவது எங்களுது. முதலாளி குடுத்தது. நாச்சிமுத்து அண்ணன் வீடு முதலாவது. சன்னல் சாத்தியிருக்குதே, அதுதான். ஆறு நாளா அப்படித்தான் சாத்தியிருக்குது.

அண்ணன்னா கூடப் பொறந்தவர் இல்லீங்க. எங்க அப்பா வயசு. ஆனா இங்க எல்லாருக்கும் அண்ணன். முதலாளி சம்சாரத்துக்குக்கூட அண்ணன். சூப்பர்வைசர். இருபத்திரெண்டு வருசம் இதே ஹேச்சரி. முட்டையைக் கையில எடுத்து வெளிச்சத்துல ஒருக்கா திருப்பினாருன்னா உள்ள இருக்கறது எத்தனை நாள் குஞ்சுன்னு சொல்லிருவாரு. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், முட்டை தெரியாது. எனக்கு முட்டை தெரியும், கம்ப்யூட்டர் பாதி தெரியும். அண்ணனுக்கு முட்டை மட்டுந்தான் தெரியும். அவரைப் போயி கம்ப்யூட்டர்ல சதி பண்ணிட்டாருன்னா யாராவது நம்புவாங்களா? நீங்களே சொல்லுங்க.

நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க சார், நான் சொல்லிட்டே இருக்கேன்.

இந்த கம்ப்யூட்டர்ல ரெண்டு சமாச்சாரம் ஓடுதுங்க. ஒண்ணு இந்த நம்பர் பக்கம். முட்டை வச்சிருக்கற எந்த மெசினுக்குள்ள எத்தனை சூடு, எத்தனை ஈரம்னு காட்டும். அதைப் பாத்து மணிக்கொருதரம் நான் நோட்டுல எழுதணும். இன்னொண்ணு உள்ளாற எங்கயோ ஓடறது. அதோட மூஞ்சியை நான் பாத்ததே இல்லை. ஆனா தினமும் அதுகூடத்தான் சண்டை. கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை பூரா இருட்டாகி நடுவுல ஒரு பெட்டி வந்து நிக்கும். ‘இந்தப் புரோகிராம் கம்ப்யூட்டர்ல மாத்தம் பண்ணப் பாக்குது, விடலாமா? விடறதுன்னா அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைப் போடு.’ போடற வரைக்கும் வேற எதையும் தொட விடாது. வாசல்ல குறுக்க படுத்த எருமையாட்ட.

பாஸ்வேர்டு தெரிஞ்சது அண்ணனுக்கு மட்டும். முதலாளி உத்தரவு. உங்க கம்பெனியில இருந்து முன்ன இந்தக் கம்ப்யூட்டரை மாட்ட வந்தவரு அண்ணன் பேரைத்தான் அட்மினிஸ்ட்ரேட்டர்னு போட்டுட்டுப் போனாரு. நான் சாதா ஆள். என் பேர்ல நுழைஞ்சா எழுதலாம், படிக்கலாம், அவ்வளவுதான்.

சரி, கூப்பிட்டா வந்து போட்டுட்டுப் போறாரு, அதுல என்னன்னு நினைப்பீங்க. அங்கதான் சங்கதி இருக்குது.

முட்டை இருக்கற செட்டர் ஹாலுக்குள்ள போறதுன்னா ஒரு சட்டம் இருக்குதுங்க. வெளித்துணியைக் கழட்டி வச்சுட்டு, தலையோட சோப்புப் போட்டுக் குளிச்சு, உள்ள தொங்கற நீலத்துணியை மாட்டிக்கிட்டு, மருந்துத் தண்ணியில காலை முக்கிட்டுத்தான் போகணும். கிருமி உள்ள போயிட்டா அத்தனையும் போச்சு. முதலாளியே வந்தாலும் குளியல்தான். ஒருக்கா வெளிய கால் வச்சுட்டா, திரும்பிப் போறதுக்கு மறுபடியும் தலையில இருந்து ஆரம்பிக்கணும். கம்ப்யூட்டர் வெளிப்பக்கம். அண்ணன் உள்பக்கம். இப்பப் புரியுதுங்களா?

அதுலயும் இந்த யூ.பி.எஸ் பேட்டரி செத்து ஒரு வருசம். கரண்ட் போயி ஜெனரேட்டர் எடுக்கற அரை நிமிசத்துல கம்ப்யூட்டர் அணைஞ்சு திரும்ப வரும். வந்ததும் பெட்டி. ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போச்சுன்னா நாலு பெட்டி, நாலு குளியல். மார்கழி மாசம். தண்ணி காய வைக்கிற ஹீட்டரும் ரிப்பேர். அண்ணனுக்கு இளைப்பு வேற. இன்டர்காம்ல கூப்பிட்டு, “அண்ணா, கேக்குதுங்கண்ணா”ன்னா போதும், “வர்றேன் அம்மிணி”ம்பாரு. பத்து நிமிசத்துல ஈரத்தலையோட வந்து நிப்பாரு. இடக்கையால கீபோர்டை மறைச்சுக்கிட்டு வலக்கையில ஒரே விரலால ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடிக் குத்துவாரு. குத்திட்டு, “என் கல்யாணத்துக்கே ஒருதரந்தான் குளிச்சேன் கண்ணு, இது பொட்டிக்கு நாலாந்தரம்”னு சிரிப்பாரு. முட்டை அடுக்கற பொம்பளைங்க, “அண்ணன் வரவர வெள்ளையாயிட்டு வர்றாரு, பொண்ணு பாக்கலாமா”ன்னு கேலி பண்ணுவாங்க.

நான் கேட்டிருக்கேன் சார். “எனக்கும் சொல்லிருங்களேன், நானே போட்டுக்கறேன்”னு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுங்களா? “வேண்டாம் அம்மிணி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா தெரிஞ்சவங்க தலையிலதான் கட்டுவாங்க. நீ சின்னப்புள்ளை. என் தலையிலயே கெடக்கட்டும்.” அவ்வளவு நல்ல மனுசன்.

டீ வந்துருச்சு. பிஸ்கட் எடுத்துக்கங்க. நம்ம முட்டையிலதான் பண்ணியிருப்பாங்க, சும்மா சொன்னேன், பயப்படாதீங்க.

அந்த மாட்டுப் பொங்கல் அன்னிக்கு நடந்ததைச் சொல்லணுமில்ல. அதைச் சொன்னாத்தான் அண்ணன் மேல ஒண்ணும் தப்பில்லைன்னு உங்களுக்கு விளங்கும்.

முன்னாடியெல்லாம் ஒவ்வொரு மெசினுக்கும் சூடு கூடினா அடிக்கற ஒரு மணி இருந்துச்சாம். நாலு ஆளுங்க மணிக்கொருதரம் மெசின் மெசினாக் கண்ணாடி வழியாச் சூடு பாத்துட்டே சுத்துவாங்களாம். கூரைமேல பெரிய சைரனை வச்சுக் கம்ப்யூட்டரோட சேத்ததும், அரை டிகிரி கூடினாலே ஊரையே எழுப்பிரும்னு சொல்லி, மணியைக் கழட்டிட்டு அந்த நாலு பேரையும் முதலாளி நிறுத்திட்டாரு. செட்டர் ஹால், குஞ்சு பொரியற ஹால், ரெண்டுக்கும் அண்ணன் ஒருத்தர்தான். சைரன் இருக்குதுங்கற தைரியந்தான்.

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு எனக்கு லீவு. கம்ப்யூட்டர் எப்பவும்போல என் பேர்ல ராத்திரி பகலா ஓடிட்டே கெடக்கும். யாழினிக்குப் பச்சைப் பாவாடை கட்டி எங்க அம்மா ஊருக்குப் போயிட்டேன். ஆனா குஞ்சுக்கு நோம்பி, பண்டிகை தெரியாதே. அன்னிக்குப் பொரியறது அன்னிக்குப் பொரியும். குஞ்சு பொரியற இந்தக் கடைசி ஹால்ல அண்ணனும் நாலு பொம்பளைங்களும் மத்தியானத்துல இருந்து குஞ்சு எடுத்துட்டு இருந்திருக்காங்க. அந்தப் பக்கம் செட்டர் ஹால்ல மூணாம் நம்பர் மெசின்ல காத்துச் சுத்தற ஃபேன் பெல்ட் அறுந்துருச்சு. அதுக்குள்ள அம்பத்தேழாயிரத்துச் சொச்சம் முட்டை. எல்லாம் பதினேழு நாள் முட்டை. சார், பதினேழு நாள்னா உள்ள இருக்கறது முட்டை இல்லை, குஞ்சு. மயிர் மொளைச்சிருக்கும், அலகு இருக்கும், நகம் இருக்கும். அதுகளே சூடு கக்கும். காத்துச் சுத்தலைன்னா அதுக சூட்டுலயே அதுக வெந்துரும்.

சைரன் அடிக்கலை.

அண்ணன் நாலு மணிக்குக் குளிச்சுட்டு அந்தப் பக்கம் போயிருக்காரு. மெசின் கதவைத் தொறந்ததும் மூஞ்சியில அடிச்ச சூட்டுல ரெண்டடி பின்னால வந்துட்டாருன்னு அந்த நாலு பேர்ல கூடப் போன பாப்பாத்தி அக்கா சொன்னா. அப்புறம் உள்ள ஓடி, ட்ராலியை எல்லாம் வெளிய இழுத்து, மேல்துணியைக் கழட்டி வீசி வீசிக் காத்துக் குடுத்திருக்காரு. அம்பத்தேழாயிரத்துக்கு ஒரு துணியால.

மறுநாள் நான் வந்தப்ப அண்ணன் தரையில உக்காந்து முட்டையை ஒண்ணொண்ணா ஒடைச்சுட்டு இருந்தாரு. எப்பச் செத்ததுன்னு பாக்கறதுக்கு ஒரு தட்டுல பத்து ஒடைச்சாப் போதும், அதுதான் வழக்கம். அவரு நிறுத்தவே இல்லை. ஒடைக்கறாரு, விரலால தொட்டுப் பாக்கறாரு, அந்தப் பக்கம் வைக்கறாரு. ஏதாச்சும் ஒண்ணு மூச்சு விடுதான்னு. சாயங்காலம் வரைக்கும். அந்த வாடை இருக்குதே சார், வேண்டாம், நீங்க டீ குடிச்சுட்டு இருக்கீங்க.

முதலாளி டவுன்ல இருந்து ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரனைக் கூட்டிட்டு வந்தாரு. அவன் இங்க உக்காந்து ரெண்டு நிமிசம் தட்டிப் பாத்துட்டு, “சைரன் ஓடற புரோகிராமே நின்னு போயிருக்குது, இந்தத் தேதியில அட்மினிஸ்ட்ரேட்டர் பேர்ல யாரோ செட்டிங்கை மாத்தியிருக்காங்க, பாஸ்வேர்டு தெரியாதவங்க மாத்த முடியாது”ன்னான். முதலாளி எல்லாருக்கும் முன்னாடி கேட்டாரு. “பாஸ்வேர்டு தெரிஞ்சவன் யாருடா? சொல்லு. எந்தப் போட்டிக் கம்பெனிக்காரன்கிட்டடா கை நீட்டுனே?” இருபத்திரெண்டு வருசத்துல அண்ணனை ‘டா’ போட்டு யாரும் கூப்பிட்டதில்லை. அண்ணன் கையில முட்டை ஓடு ஒட்டியிருந்துச்சு. அதைத் தொடைச்சுக்கிட்டே நின்னாரு.

உங்க ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஹேச்சரிக்குள்ள கால் வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அண்ணன்தான் பண்ணினாருன்னு வந்துச்சுன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்க. சொந்த ஊர்ல அவருக்கு ஒரு குழி நெலமில்லை. அன்னிக்கு வீட்டுக்குள்ள போனவரு அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசறதே இல்லை. அவரு சம்சாரம் மரகதம் அக்கா சோத்தைப் பெசஞ்சு கையில குடுத்தா வாங்கி வச்சுக்கறாரு, வாய்க்குப் போறதில்லை. நான் தக்காளி சாதம் கொண்டு போனேன். யாழினி அவரு மடியில ஏறி உக்காந்தா. எப்பவும் அவகிட்ட கொக்கரக்கோன்னு கூவிக் காட்டுவாரு. அன்னிக்கு அவ மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாரு. தொடவே இல்லை.

அதனாலதான் சார் சொல்றேன். நல்லாத் தேடிப் பாருங்க. வெளியில இருந்து எவனாவது நுழைஞ்சிருப்பான். இப்பல்லாம் இன்டர்நெட்டு வழியாவே நுழையறாங்களாமே. கண்டுபுடிச்சு எழுதுங்க. அண்ணன் இல்லைன்னு எழுதுங்க.

என்னங்க சார்? பர்மிஷன் கேக்கறது எப்ப நின்னுச்சுங்களா?

அட, அதை எப்படிக் கண்டுபுடிச்சீங்க! ஆமாங்க, இப்பக் கேக்கறதில்லை. நாந்தான் சரி பண்ணினேன்.

சொல்லலாம்தானுங்களே, நீங்க வெளியாள். அண்ணன் கேட்டா மட்டும் திட்டுவாரு. மார்கழியில அவரு குளிச்சுக் குளிச்சு இருமறதைப் பாத்து எனக்கு மனசு கேக்கலை. அதோட, டிசம்பர் இருபத்தேழாந்தேதி சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கரண்ட் போச்சுங்க. அஞ்சு மணி நோட்டு எழுதாம எந்திரிக்கக் கூடாது, முதலாளி திட்டுவாரு. பெட்டி நிக்குது. அண்ணன் மெசின் கழுவிட்டு இருந்தாரு, வர்றதுக்கு அரை மணி ஆயிருச்சு. நான் ஓடிப் போயிப் பாத்தா, பால்வாடியைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. யாழினி படியில தனியா உக்காந்து அழுதுட்டு இருக்கறா. மூக்கு வாய் எல்லாம் ஒழுகி. பக்கத்துல நாய் ஒண்ணு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பெட்டியை ஒழிக்காம விடறதில்லைன்னு.

போன்ல வீடியோ தேடினேன். தமிழ்லயே ஒருத்தன் அழகாச் சொல்லித் தர்றான். தேடற இடத்துல மூணு எழுத்து அடிச்சா ஒரு பக்கம் வரும். அதுல தெர்மாமீட்டராட்ட செங்குத்தா ஒரு கோடு, கோட்டுல ஒரு குமிழ். அந்தக் குமிழை அடிமட்டத்துக்கு இழுத்து விட்டுட்டா ஜென்மத்துக்கும் பெட்டி வராதுங்கறான். ஆனா அட்மினிஸ்ட்ரேட்டரா இருக்கறப்பதான் பண்ணணுமாம்.

இருபத்தொன்பதாந்தேதி வசமா வாச்சுது. ஏதோ அப்டேட்டுன்னு வந்துச்சு. அண்ணன் அவரு பேர்லயே உள்ள நுழைஞ்சு அதைப் போட்டுவிட்டாரு. அதுக்குள்ள முட்டை லாரி வந்து ஹாரன் அடிக்குது. “அம்மிணி, இது நூறுன்னு காட்டினதும் என் பேர்ல இருந்து வெளிய வந்து உன் பேர்ல போட்டுக்க. வேற ஒண்ணையும் தொடாதே”ன்னு சொல்லிட்டு ஓடினாரு. நூறு வந்துச்சு. நான் அந்த மூணு எழுத்தை அடிச்சேன். குமிழை இழுத்தேன். கடைசியா ஒருக்கா கேட்டுச்சு, விடலாமான்னு. விடலாம்னு அழுத்திட்டேன். ரெண்டு நிமிசம் ஆகலை சார்! ஆறு மாசம் கிளாஸுக்குப் போனதுக்கு அன்னிக்குத்தான் ஒரு பலன்.

கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டு, என் பேர்ல நுழைஞ்சேன். பெட்டி வரவே இல்லை. நம்பர் பக்கம் ஜம்முனு வந்துச்சு. எல்லாம் சுத்தம். மூலையில பச்சைக் கலர்ல ஒரு குட்டி மணி இருந்துட்டே இருக்கும், அதுகூடப் போயிருச்சு. திரையே கழுவி விட்டாப்புல இருந்துச்சு.

அண்ணன்கிட்ட, “இனிமேக் கேக்காதுங்கண்ணா, அப்டேட்டுல சரியாப் போச்சு”ன்னேன். குமிழைப் பத்திச் சொல்லலை. தொடாதேன்னாரில்ல, அதனால. அவருக்கு அவ்வளவு சந்தோசம். “அப்பாடா, இனி என்னை ஈரங்கோழியாட்ட நிக்க வைக்காதே”ன்னாரு. அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணி நோட்டை எழுதிட்டு, அடுத்த அஞ்சாவது நிமிசம் பால்வாடியில நான் நின்னேன். அதுக்கப்புறம் ஒருநாள்கூட யாழினி காத்திருக்கலை.

ஏன் சார், டீ ஆறிப் போச்சுங்களா? வேற சொல்லட்டுங்களா?

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

ஆமா, இருபத்தொன்பதுதான். மத்தியானம் பதினொண்ணு அம்பதா? இருக்கும். லாரி வந்த நேரம் அது. அங்க நாச்சிமுத்துன்னு போட்டிருக்கறது, அவரு பேர்ல நான் இருந்ததால. அது வேறங்க சார். இது பெட்டியை நிறுத்தினது, அது சைரனை நிறுத்தினது. சைரன் இருக்கற திசைக்கே நான் போகலை. அண்ணன்கூடக் கேட்டாரு. முதலாளி திட்டின அன்னிக்கு, வீட்டுக்குப் போற வழியில, கேட்டுகிட்ட நின்னு கேட்டாரு. “நீ எதையாச்சும் தொட்டியா கண்ணு?” இல்லீங்கண்ணான்னேன். சைரனைத் தொட்டியான்னு கேட்டா தொடலை, நெசந்தானே? என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம், “சரி. யார் கேட்டாலும் அப்படியே சொல்லு. உனக்குப் புள்ளை இருக்குது”ன்னாரு. அதுக்கு முன்னாடி, முதலாளி என்னையும் விசாரிக்கணும்னு சொன்னப்ப, “அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அதை இழுக்காதீங்க”ன்னு சொன்னதும் அவருதான். கேட்டுகிட்ட என்கிட்டப் பேசினதுதான் அவரு கடைசியாப் பேசினது.

சொல்லுங்க சார், நான் கேக்கறேன்.

மெதுவாச் சொல்லுங்க.

அப்ப தினமும் பர்மிஷன் கேட்டுட்டு இருந்ததே அந்தச் சைரன் புரோகிராம்தானுங்களா?

சரிங்க. குமிழை அடியில இழுத்தா, அட்மினிஸ்ட்ரேட்டரா இருக்கறவங்களுக்கு எல்லாத்துக்கும் ‘சரி’ன்னு விட்டுரும். சாதா ஆளா இருந்தா? நான் சாதா ஆள்தானே. சாதா ஆளா இருந்தா, கேக்காமலே ‘முடியாது’ன்னு தள்ளிருமா? சத்தமில்லாம. அப்ப கம்ப்யூட்டர் அணைஞ்சு அணைஞ்சு என் பேர்ல வந்தப்பெல்லாம் சைரன் வந்து நின்னிருக்குது, இது முடியாதுன்னு தள்ளியிருக்குது, எனக்குக் காட்டலை.

அந்தப் பச்சை மணி...

சரி. வேண்டாம், சொல்ல வேண்டாம்.

இருபத்தொன்பதுல இருந்து மாட்டுப் பொங்கல் வரைக்கும் பதினெட்டு நாள். மூணாம் நம்பர் மெசின்ல முட்டை அடுக்கினது முப்பதாந்தேதி. நாந்தான் நோட்டுல எழுதினேன். உள்ள போன நாள்ல இருந்தே அதுகளுக்குச் சைரன் இல்லீங்க. ஒருநாள்கூட.

சித்த இருங்க சார். தண்ணி குடிச்சுட்டு வர்றேன்.

அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குது, இல்லீங்களா? கம்ப்யூட்டர் கடைக்காரன் தேதியைச் சொன்னான். அண்ணனுக்குத் தேதி மறக்காது, லாரி வந்த தேதி. அவரு பேர்ல என்னை உக்கார வச்சுட்டுப் போனது அவருக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சுதான் கேட்டுகிட்ட நின்னு கேட்டிருக்காரு. நான் இல்லீங்கண்ணான்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, அடுத்த நாள் தக்காளி சாதம் கொண்டு போயிக் குடுத்தேன். ரெண்டு வாய் தின்னுங்கண்ணா, உடம்பு என்னத்துக்காகறதுன்னு அதட்டினேன் வேற.

அவரு இருமறதைப் பாத்துச் செஞ்சேன்னு உங்ககிட்டச் சொன்னேன். மூணு வருசமா இருமறாரு. மூணு வருசமா எனக்கு வீடியோ தேடத் தோணலை.

என்னங்க? பேர் போடாம எழுதறீங்களா? ‘செட்டிங் மாறியிருந்ததால சைரன் இயங்கவில்லை, மாற்றியவர் யாரென்று உறுதி செய்ய முடியவில்லை.’ நல்லா எழுதறீங்க சார். சின்ன வயசு உங்களுக்கு, என்னை எப்படி மாட்டி விடறதுன்னு சங்கடமா இருக்குது. வீட்டுக்காரரு வேலையும் இங்கதான், வீடும் இங்கதான், ஒரே நாள்ல ரெண்டும் போயிரும்னு நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியுது. ஆனா அதுக்குக் கீழ, எந்தப் பேர்ல மாத்தியிருக்குதுன்னு ஒரு கட்டம் இருக்குதே. அதுல என்ன வரும்? நாச்சிமுத்துன்னுதானே வரும்? அதை மாத்த உங்களாலயும் முடியாதில்ல.

அப்ப முதலாளி அந்த ஒரு கட்டத்தைத்தான் படிப்பாரு.

அந்தத் தாளை ஓரமா வைங்க. நான் எழுதித் தர்றேன். நடந்ததை நடந்தபடி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. என் கையெழுத்து நல்லா இருக்கும், பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினது. ஆனா இப்ப இல்லை. எழுதிட்டா அது நேரா முதலாளி மேசைக்குப் போயிரும். மேசையில இருந்து ஊருக்குப் போயிரும். அதுக்கு முன்னாடி ஒருத்தர் கேக்கணும், என் வாயால. நடந்து போயிச் சொல்லலாம், நூறடி கூட இல்லை. அவரு மூஞ்சியைப் பாத்துட்டு என்னால சொல்ல முடியாதுங்க சார். பாத்தா மறுபடியும் இல்லைன்னுதான் சொல்லுவேன்.

ஒரு நிமிசம். போன் போட்டுட்டேன், ரிங் போகுது.

அக்கா? மரகதக்கா, நான் கோகிலா பேசறேன். இல்லீங்க, சாப்பாட்டுக்கு இல்லை. அண்ணன் எங்க இருக்காரு, கட்டில்லயா? எழுப்புங்கக்கா. தெரியும், பேச மாட்டாரு, தெரியும். அவரு ஒண்ணும் பேச வேண்டாம். போனை அவரு காதுகிட்ட வச்சுப் புடிச்சுக்கங்க, நான் முடிக்கற வரைக்கும் எடுத்துறாதீங்க.